ஏரிக்கு ஒரு கணக்குப்பிள்ளை

ட்ரோலிங் என்ற சொல்லைக் கேட்டவுடன் என் வயதுக்காரருக்கு ஞாபகம் வருவது, யாராவது ஒரு நடிகரை மீம் போட்டு வறுத்தெடுப்பது. யாழ்ப்பாணத்தில் இருக்கிற என் அம்மம்மாவிடம் போய் அதே சொல்லைச் சொல்லிப் பாருங்கள், முகம் கறுத்துவிடும். அங்கே ட்ரோலர் என்றால், கனத்த மடிவலையைக் கடலின் அடியில் போட்டு இழுத்து, முட்டை, குஞ்சு, பாசி என்று எல்லாவற்றையும் வழித்துக்கொண்டு போகிற இழுவைப் படகு. வழியில் சின்னத் தொழிலாளியின் வலை கிடந்தால் அதையும் அறுத்துக்கொண்டு போய்விடும்.

நான் சொல்லப் போவது மூன்றாவது ட்ரோலிங். ஓடிக்கொண்டிருக்கிற வள்ளத்துக்குப் பின்னால் தூண்டில்களை நீள விட்டு, ஆள் நடக்கிற வேகத்தில் இழுத்துக்கொண்டு போய் மீன் பிடிப்பது. ஆங்கிலத்தில் இழுவைமடிக்கும் இதற்கும் வேறு வேறு சொல், எழுத்தும் வேறு. தமிழ்க் காதுக்கு இரண்டும் ஒன்றுதான். அதனால்தான் மாமா ஒருமுறை தொலைபேசியில் "அம்மா, நான் ட்ரோலிங்குக்குப் போட்டு வந்தனான்" என்று சொன்னபோது அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "உனக்கென்னடா விசரே? உந்தப் பாவத்தை அங்கயும் போய்ச் செய்யிறியோ?" என்று வந்தது. அவர் விளங்கப்படுத்தி முடித்த நேரத்துக்கு, அந்தக் காலத்து கோலிங் கார்ட்டாக இருந்தால் காசு முடிந்திருக்கும் :-)

மாமா என் அம்மாவின் தம்பி. மயிலிட்டியில் பிறந்தவர். மயிலிட்டி ஒருகாலத்தில் வடக்கின் பெயர்பெற்ற மீன்பிடித் துறை. 1990 இல் சண்டையில் ஊர் முழுக்க இடம்பெயர்ந்தது. பிறகு அது உயர் பாதுகாப்பு வலயம். துறைமுகத்தைத் திரும்பவும் சனத்திடம் கொடுத்தது 2017 ஜூலையில். இருபத்தேழு வருடம்! ஊரை விட்டு ஓடும்போது மாமாவுக்குப் பதினான்கு வயது. அதற்குள்ளேயே இரண்டு வருடம் தகப்பனோடு கடலுக்குப் போய்ப் பழகியிருந்தார். இப்போது ஸ்காபரோவில் இருக்கிறார், ட்ரக் ஓடுகிறார். வீட்டு முன்றலில் 19 அடி அலுமினிய வள்ளம் ஒன்று வைத்திருக்கிறார். மே தொடங்கி செப்டெம்பர் வரை, வேலை இல்லாத பின்னேரங்களில் அதை இழுத்துக்கொண்டு ஒன்ராறியோ ஏரிக்குப் போய்விடுவார்.

பிரச்சினை என்னவென்றால் இது அவர்கள் வீட்டு மோட்கேஜைப் புதுப்பிக்க வேண்டிய வருடம். குறைந்த வட்டி இருந்த காலத்தில் எடுத்தது. இனி மாதாமாதம் கட்டுகிற காசு கூடப் போகிறது. மாமி என்னைக் கூப்பிட்டுச் சொன்னா: "நீ கொமர்ஸ் தானே படிக்கிறாய். உந்த வள்ளத்தால எவ்வளவு போகுது, எவ்வளவு வருது எண்டு ஒருக்கா வடிவா எழுதித் தா. உவருக்கு நான் வாயால சொன்னா ஏறாது. பேப்பரில கண்டா ஏறும்." மாமிக்கு விடை முதலே தெரியும். என்னிடம் கேட்டது முத்திரை குத்தித் தரத்தான். வள்ளம் விற்கிறதா, வைத்திருக்கிறதா என்பது என் ஒரு பக்கக் கணக்கில் வந்து நின்றது.

களத்தைப் பார்க்காமல் கணக்கு எழுதக்கூடாது என்று ஓகஸ்ட் நடுப்பகுதியில் ஒரு பின்னேரம் நானும் வள்ளத்தில் ஏறினேன். அன்றிலிருந்து மாமாவுக்கு நான் "கணக்குப்பிள்ளை".

ஒன்ராறியோ ஏரி, ஐந்து பெரிய ஏரிகளில் பரப்பில் சின்னது. சின்னது என்றால் ஏறக்குறைய 19,000 சதுர கிலோமீற்றர். யாழ் மாவட்டத்தைப் போல பதினெட்டு மடங்கு. ஆகக்கூடிய ஆழம் 244 மீற்றர். அக்கரை அமெரிக்கா, கண்ணுக்குத் தெரியாது. அலை உண்டு, உப்பு மட்டும் இல்லை. நாங்கள் இறங்கியது ஸ்காபரோவில், புளஃபர்ஸ் பார்க் துறையில். முதுகுக்குப் பின்னால் ஸ்காபரோ புளஃப்ஸ் என்கிற மண் மலைச் சுவர். பதினைந்து கிலோமீற்றர் நீளம், உயரமான இடத்தில் 90 மீற்றர் வரும். மேற்கே பார்த்தால் சீ.என். ரவர் ஒரு குண்டூசி அளவில்.

வள்ளம் துறையைத் தாண்டியதும் மாமா கையைத் தண்ணீருக்குள் விட்டார். "மூண்டு நாள் கச்சான் அடிச்சது. தண்ணி குளிர்ந்திருக்கு. நல்ல சகுனம்."

கச்சான் என்றவுடன் நிலக்கடலை ஞாபகம் வருகிறவர்களுக்கு: அது மேல்காற்றின் பெயரும்தான். மேற்கிலிருந்து காற்று விடாமல் அடித்தால், வடகரையில் மேலே கிடக்கிற சூடான தண்ணீர் தெற்கே தள்ளுப்பட்டுப் போகும். அந்த இடத்தை நிரப்ப அடியிலிருக்கிற குளிர்ந்த தண்ணீர் கரையோரம் மேலே வரும். கோடைகாலத்தில் பெரிய ஏரி ஒன்று இரண்டு அடுக்காகத்தான் இருக்கிறது. மேலே குளிக்கக்கூடிய இளஞ்சூடு, கீழே நாலைந்து பாகை செல்சியஸ் குளிர். இரண்டுக்கும் இடையில் வெப்பநிலை சடாரென்று விழுகிற ஒரு படலம். நாங்கள் தேடிப் போகிற சினூக் சமனுக்குப் பிடித்தது பத்துப் பன்னிரண்டு பாகை. அதாவது அந்தப் படலத்தை ஒட்டித்தான் அதன் நடமாட்டம். மயிலிட்டியில் கடல் நிறத்தையும் பறவையையும் பார்த்துச் சொன்னதை, இங்கே மாமா ஒரு வெப்பமானியையும் ஒரு சோனார் திரையையும் வைத்துச் சொல்கிறார். ஆனால் கையைத் தண்ணீரில் விடுகிற பழக்கத்தை மட்டும் விடவில்லை.

சமன் என்ற சொல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஊரில் சமன் ரின் என்று நாங்கள் வாங்கி உருளைக்கிழங்கு போட்டுக் கறி வைத்தது பெரும்பாலும் மக்கரல் மீன். உண்மையான சமனை மாமா முதன்முதலாகக் கண்டது கனடா வந்த பிறகுதான். "இத்தனை வருசமும் வேற ஆளைத்தான் சமன் எண்டு கூப்பிட்டனாங்கள்" என்பார்.

நூற்றிருபது அடி ஆழத்துக்கு வந்ததும் வேலை தொடங்கியது. ஒன்ராறியோ ஏரியில் வள்ளத்திலிருந்து பிடிக்கும்போது ஆளுக்கு இரண்டு தூண்டில் போடலாம். நாங்கள் இரண்டு பேர், ஆகவே நாலு. அதில் இரண்டு டவுன்றிகரில் போகும். டவுன்றிகர் என்றால் வள்ளத்தின் பின்பக்கம் பூட்டிய ஒரு கைச்சக்கரம். அதில் உருக்குக் கம்பி, கம்பியின் நுனியில் பத்து இறாத்தல் ஈயக்குண்டு. எங்கள் தங்கூசி நூலை ஒரு கிளிப்பால் அந்தக் குண்டில் கவ்வ வைத்து, குண்டை எத்தனை அடி வேண்டுமோ அத்தனை அடிக்கு இறக்குவது. தூண்டில் தடியை வில் மாதிரி வளைத்து நிறுத்தி வைக்கவேண்டும். மீன் அடித்தால் கிளிப் விடும், தடி ஒருகணம் நிமிரும், பிறகு மீனின் பாரத்தில் திரும்பவும் குனியும். மற்ற இரண்டு நூலிலும் ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவில் சுழியோடித் தட்டுகள். தண்ணீர் அடிக்கிற விசையில் அவை தாமாகவே ஆழத்துக்கும் பக்கத்துக்கும் போகும். நாலு நூலும் ஒன்றோடொன்று சிக்காமல் இருப்பதன் இரகசியம் அதுதான்.

இரை என்று உயிருள்ள எதுவும் இல்லை. கரண்டி. உண்மையாகவே கரண்டியின் தலைப்பகுதி மாதிரி வளைந்த தகடுகள். பச்சை, நீலம், வெள்ளி என்று மாமாவிடம் ஐம்பது அறுபது இருக்கிறது. (மாமியின் கணக்கில் இது தனித் தலைப்பு.) இழுக்கும்போது அது அடிபட்ட சின்ன மீன் மாதிரித் தள்ளாடும். அந்தத் தள்ளாட்டம் வர, வேகம் சரியாக இருக்கவேண்டும். மணிக்கு இரண்டு மைலுக்கும் மூன்றுக்கும் இடையில் எங்கேயோ. மாமா 2.4 இல் வைத்தார்.

நேராகவே போகக்கூடாது என்பதும் அன்றுதான் தெரியும். வள்ளம் வளையும்போது வெளிப்பக்கத் தூண்டில் வேகம் பிடித்து உயரும், உட்பக்கத் தூண்டில் வேகம் குறைந்து தாழும். வளைவில் எந்தப் பக்கம் மீன் அடிக்கிறதோ, அதை வைத்து இன்றைக்கு மீனுக்கு விரைவு பிடிக்குமா, மெதுவு பிடிக்குமா என்று தெரிந்துகொள்ளலாம். "வளைஞ்சு பாத்தாத்தான் தெரியும் பிள்ளை" என்றார். கொஸ்ற் அக்கவுண்டிங்கில் இதைத்தான் நாங்கள் மூன்று கிழமையாக உணர்திறன் பகுப்பாய்வு என்று படித்தோம்.

முதல் ஒன்றரை மணித்தியாலம் ஒன்றும் இல்லை. ட்ரோலிங்கில் அனேகமான நேரம் இப்படித்தான் போகிறது. இரண்டு பேரும் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டு இருப்போம். பிளாஸ்க்கில் தேத்தண்ணி, கடதாசியில் சுற்றிய மாலுபாண். நான் கொப்பியைத் திறந்து எரிபொருளைப் பற்றிக் கேட்டேன். வள்ளத்துக்கும் வாகனத்துக்கும் சேர்த்து ஒருமுறைக்கு 45 டொலர். ஒரு பருவத்துக்கு எத்தனை முறை? பதினான்கு. காப்புறுதி? 280. எதையும் அவர் குறைத்துச் சொல்லவில்லை. மறந்துபோன செலவுகளைக்கூட அவரே ஞாபகப்படுத்தினார். "எஞ்சின் சேர்விசும் குளிருக்கு மூடி வைக்கிறதும் 350. அதை விட்டிட்டியே. கொம்மாமி கண்டுபிடிப்பா."

ஏழே முக்கால் அளவில், வெயில் சாயத் தொடங்கியதும் சோனார் திரை மாறியது. அறுபது எழுபது அடியில் மேகம் மாதிரிக் கறுப்பாக ஒன்று. மாமா அதைச் சூடை என்பார். சரியான பெயர் ஏல்வைஃப். எங்கள் சூடை, சாளைக் குடும்பத்தைச் சேர்ந்த சின்ன மீன். பொழுதுபட அவை மேல்நோக்கி வரும். அவற்றுக்குப் பின்னால் சமன் வரும். மாமா இரண்டு கரண்டிகளை எடுத்து டோர்ச் வெளிச்சத்தில் கொஞ்சநேரம் பிடித்தார். அவை இருட்டில் பச்சையாக ஒளிரும் வகை. குண்டுகளை இருபது அடி உயர்த்தினார். வளைத்தார்.

வளைவில், வெளிப்பக்கத் தடி நிமிர்ந்தது. பிறகு தண்ணீரைத் தொடுகிற அளவுக்குக் குனிந்தது.

"எடு பிள்ளை, எடு!"

தடியைக் கழற்றி எடுத்த அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது? றீலில் நூல் எவ்வளவு போயிருக்கிறது என்று காட்டுகிற எண் இருக்கிறது. 160 இல் நின்றது 200, 300 என்று பறந்து 430 இல்தான் நின்றது. நான் சுற்றப் பார்த்தேன். "இழுக்காத. ஓட விடு. அது ஓடிக் களைக்கட்டும். தடியை மேல உயர்த்து, இறக்கேக்க மட்டும் சுத்து." இருபது அடி எடுத்தால் முப்பது அடியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போகும். கையும் தோளும் எரிந்தது. வள்ளத்துக்குக் கிட்ட வந்து, எங்களைக் கண்டுவிட்டு இன்னொருமுறை நூற்றைம்பது அடி ஓடியது. இருபத்தைந்து நிமிடம். கடைசியில் மாமா முழங்காலில் இருந்து நீளப்பிடி வலையை அதன் தலைக்கு முன்னால் பிடித்தார், அது தானாகவே உள்ளே வந்தது.

21 இறாத்தல். முதுகு பச்சை கலந்த கறுப்பு, விலா வெள்ளி, வாய்க்குள் முரசு முழுக்கக் கறுப்பு. அந்தக் கறுப்பு முரசுதான் சினூக்குக்கு அடையாளமாம். நியூயோர்க் பக்கத்தில் 1991 இல் பிடித்த சாதனை மீன் 47 இறாத்தல் 13 அவுன்ஸ். ஆகவே என்னுடையது ஒன்றும் பத்திரிகையில் வருகிற மீன் இல்லை :-) ஆனால் அதன் விலாவில் ஒரு ரூபாய்க் குற்றி அளவில் வட்டமாக ஒரு தழும்பு இருந்தது. மாமா அதை விரலால் தொட்டுக் காட்டினார். "லாம்ப்றே. குடிச்சுப் போட்டு விட்டிருக்கு."

அந்தத் தழும்புக்குப் பின்னால் இந்த ஏரியின் முழுக் கதையும் இருக்கிறது. வீட்டுக்கு வந்து நான் தேடி வாசித்தது இதைத்தான்.

இந்த ஏரியின் சொந்தச் சமன் அத்திலாந்திக் சமன். 19ஆம் நூற்றாண்டில் ஆறுகள்தோறும் ஆலைகளுக்காக அணை கட்டினார்கள், காட்டை வெட்டினார்கள், முட்டையிட வந்த மீனைத் தீப்பந்தம் பிடித்துக் குத்தி அள்ளினார்கள். அந்த நூற்றாண்டு முடியும்போது சமனும் முடிந்தது. லாம்ப்றே விலாங்கு மாதிரியான உடம்பும், வட்டமாகப் பல்லு நிறைந்த உறிஞ்சு வாயும் கொண்டது. பெரிய மீனில் ஒட்டிக்கொண்டு இரத்தம் குடிக்கும். அதுவும், மனிதரின் வலையும் சேர்ந்து, 1950களில் இந்த ஏரியின் லேக் ட்ரௌட் மீனையும் முடித்துவிட்டன. தின்ன ஆள் இல்லாமல் போனதும் ஏல்வைஃப் பெருகியது. பக்கத்து மிச்சிகன் ஏரியில் 1967 இல் அவை கூட்டம் கூட்டமாகச் செத்துக் கரையொதுங்கி, கடற்கரைகளையே நாறடித்தன.

அதற்கு முதல் வருடம், 1966 இல், மிச்சிகன் மாநிலத்தின் மீன்வளப் பொறுப்பாளர் ஹவர்ட் ரனர் ஒரு துணிச்சலான காரியம் செய்தார். பசிபிக் சமுத்திரத்தின் கோஹோ சமன் குஞ்சுகளைப் பிளற் ஆற்றில் விட்டார். தேவையில்லாமல் பெருகிய சின்ன மீனைத் தின்ன ஒரு பெரிய மீன். அந்தப் பெரிய மீனைப் பிடிக்கச் சனம் காசு செலவழித்து வரும். கழிவை மூலப்பொருளாக மாற்றுவது என்று சொல்லலாம். சில வருடங்களுக்குள் ஒன்ராறியோ ஏரிக்கும் கோஹோவும் சினூக்கும் வந்துவிட்டன. லாம்ப்றேயைக் கட்டுப்படுத்த, கனடாவும் அமெரிக்காவும் சேர்ந்து 1955 இல் தொடங்கிய ஆணைக்குழு இன்றைக்கும் வேலை செய்கிறது. அது வளர்கிற ஓடைகளில், அதன் குடம்பிகளைக் கொல்லும் மருந்தை அளந்து விடுகிறார்கள். முழுக்க ஒழிக்க முடியவில்லை, அடக்கி வைத்திருக்கிறார்கள். என் மீனின் தழும்பு அதற்குச் சாட்சி.

எனக்கு ஆச்சரியமாக இருந்தது இதற்கு அடுத்த பகுதி. சினூக்கை விட்டுவிட்டு அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஏரியில் ஏல்வைஃப் எவ்வளவு இருக்கிறது என்று எண்ணுகிறார்கள். அமெரிக்கப் பக்கத்தில் 1978 இல் தொடங்கிய வசந்தகாலக் கணக்கெடுப்பில் பிறகு கனடாவும் சேர்ந்துகொண்டது. 2013, 2014 இல் கடுங்குளிர் காரணமாகக் குஞ்சுகள் குறைவாகத் தப்பியது கணக்கில் தெரிந்தது. உடனே ஒன்ராறியோவும் நியூயோர்க்கும் பேசி, 2017 இல் விடுகிற சினூக் குஞ்சுகளை 20 சதவீதம் குறைத்தார்கள். தூண்டில்காரர் கனபேருக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் இரை குறையும்போது வேட்டைக்காரனைக் கூட்டினால் இரண்டும் அழியும். வரவு தெரியாமல் செலவு எழுதக்கூடாது என்கிற அதே விதி.

அந்த மீனை எப்படி எண்ணுகிறார்கள் தெரியுமா? அடிமடி இழுத்து! ஆராய்ச்சிக் கப்பல் குறித்த இடங்களில், குறித்த நிமிடங்களுக்கு மடியை அடியில் இழுத்து, வந்ததை எண்ணி நிறுத்து எழுதுகிறது. ஊரில் கடலை வழித்தெடுக்கிற அதே சாமானை இங்கே கணக்கெழுதும் பேனையாகப் பிடிக்கிறார்கள். இதை மாமாவிடம் சொன்னபோது கொஞ்சம் பேசாமல் இருந்தார். பிறகு, "கத்தியில பிழை இல்லை" என்று மட்டும் சொன்னார்.

அன்று வள்ளத்தில் இன்னொரு மீனும் அடித்தது, இரண்டு மூன்று இறாத்தல் இருக்கும் குட்டி. மாமா அதைத் தண்ணீரை விட்டு எடுக்காமலே குறட்டால் கொளுக்கியைக் கழற்றி விட்டார். பிறகு நாலு தூண்டிலையும் சுற்றி எடுக்கச் சொன்னார். மீன் அடித்துக்கொண்டிருந்த நேரம் அது. சட்டப்படி முழு லைசென்ஸ் வைத்திருப்பவர் ஒருநாளைக்குச் சமனும் ட்ரௌட்டும் சேர்த்து ஐந்து வைத்திருக்கலாம். ஏன் நிறுத்துகிறீர்கள் என்று கேட்டேன்.

"பெரிய மீனை ஆழத்தில இருந்து இழுத்து, மேல இந்தச் சூட்டுத் தண்ணிக்குள்ள அரை மணித்தியாலம் போராட வைச்சிட்டு, பிறகு விடுறன் எண்டு விட்டா அனேகமா தப்பாது. அப்ப வைச்சிருக்கப் போறதுக்கு மட்டும்தான் பிடிக்கவேணும். வீட்டுக்கு ஒண்டு காணும்."

ஒன்று காணும் என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாகாண அரசு எந்த நீர்நிலையில், எந்த மீனை, எந்த நீளத்தில், மாதம் எத்தனை முறை சாப்பிடலாம் என்று ஒரு கையேடு வெளியிடுகிறது. பழைய தொழிற்சாலைக் கழிவுகளின் மிச்சம் பெரிய மீன்களின் கொழுப்பில் சேர்கிறது. மாமி தோலையும் கொழுப்பையும் வெட்டி எறிந்துவிட்டுத்தான் சமைப்பா. ஏரியின் பழைய கடன்கள் எல்லாம் இன்னும் தீரவில்லை. சொந்தச் சமனைத் திருப்பிக் கொண்டுவருகிற முயற்சி 2006 இல் தொடங்கியது. வந்த சினூக் நன்றாக வேரூன்றி, இன்றைக்கு ஏரியிலுள்ளதில் ஏறக்குறைய பாதி ஆறுகளில் தானாகவே பிறப்பது, ஆனால் பழைய சொந்தக்காரனைக் குடியேற்றத்தான் பெரும்பாடு. ஒருக்கால் தொலைத்ததைத் திரும்ப எடுக்க எவ்வளவு செலவு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் என் பாடப்புத்தகத்தில் இல்லை.

திரும்பி வரும்போது இருட்டிவிட்டது. நகரத்தின் வெளிச்சம் முழுக்கத் தண்ணீரில் கிடந்தது. மாமா ஊரைப் பற்றிக் கதைக்கிறவர் இல்லை, அன்று கொஞ்சம் கதைத்தார். 2017 இல் துறைமுகம் திரும்பக் கிடைத்தபோது போய்ப் பார்த்தாராம். அதே மாதம்தான் இலங்கையில் இழுவைமடியைத் தடைசெய்து சட்டமும் வந்தது. "கரை கிடைச்சிட்டுது. சட்டமும் கிடைச்சிட்டுது. ஆனா கடலுக்குள்ள எவ்வளவு மிச்சம் இருக்கு எண்டு கேட்டா ஒருத்தருக்கும் தெரியாது." அக்கரையிலிருந்து வருகிற இழுவைப் படகுகளின் பிரச்சினை சட்டத்தோடு முடியவில்லை. அதில் கூலிக்கு ஏறி வருகிறவரும் எங்களைப் போன்ற ஏழைத் தமிழர்தான் என்பதையும் அவரே சொன்னார். "அவனைப் பிடிச்சு அடைக்கிறதால என்ன? அவனுக்கும் வீட்டில கடன். இரண்டு கரையும் இருந்து ஒரு கணக்கு எழுதவேணும். இஞ்ச இரண்டு நாடு எழுதுதுதானே."

இனி என் கணக்கு. வள்ளம் பழையதாக 7,500 டொலருக்கு வாங்கியது; பத்து வருடத்துக்குப் பிறகு 2,500 க்குப் போகும் என்று வைத்தால் தேய்மானம் வருடத்துக்கு 500. எரிபொருள் 630. காப்புறுதி 280. சேர்விசும் மூடி வைப்பதும் 350. கரண்டி, நூல் வகையறா 240. லைசென்சும் சில்லறையும் 100. மொத்தம் 2,100. ஒரு பருவத்துக்கு வீட்டுக்கு வந்த மீன் 24. ஒரு மீன் 87 டொலர் 50 சதம். சராசரி மீனில் ஆறு இறாத்தல் சதை வரும் என்றால், இறாத்தல் பதினாலரை டொலருக்கு மேல்.

மாமி பேப்பரை இரண்டுமுறை வாசித்தா. மாமா ஒருமுறை வாசித்தார். "கணக்குச் சரி" என்றார். கொஞ்சம் விட்டு, "குளிருக்கு முன்னம் வித்திடுவம்" என்றும் அவரே சொன்னார். நான் எதிர்பார்க்கவில்லை. மாமியும் எதிர்பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பேப்பரை மடித்து பிறிட்ஜுக்கு மேலே வைத்துவிட்டு, "செப்டெம்பரில ஆர் வள்ளம் வாங்குறது? அரை விலைக்குத்தான் கேப்பாங்கள். வசந்தத்துக்குப் பாப்பம்" என்றா. சந்தை நிலவரப்படி அது முற்றிலும் சரியான காரணம்தான். நான் மறுக்கவில்லை.

அந்தப் பேப்பரின் ஒரு பிரதி என்னிடம் இருக்கிறது. அதில் ஒரேயொரு வரியைப் பிறகு மாற்றினேன். ஒன்ராறியோவில் மீன்பிடி லைசென்சுக்குக் கட்டுகிற காசு பொதுத் திறைசேரியில் கலப்பதில்லை. சட்டப்படி ஒரு தனிக் கணக்குக்குப் போய், மீனையும் காட்டுயிரையும் பராமரிக்கத்தான் செலவாகிறது. குஞ்சு வளர்ப்பதும், எண்ணுவதும், வள்ளத்துக்கு வள்ளம் வந்து கொள்கலனைத் திறந்து பார்க்கிற அதிகாரியும் அதில் சேர்த்தி. மாமா வருடாவருடம் முணுமுணுக்காமல் கட்டுகிற ஒரே பில் அதுதான். எனவே அந்தத் தொகையைச் செலவுப் பக்கத்திலிருந்து வெட்டி, மூலதனம் என்று எழுதினேன். பரீட்சையில் இப்படி எழுதினால் புள்ளி வெட்டுவார்கள்.

வெட்டட்டும். மயிலிட்டிக் கடலில் பிடித்தவர்கள் யாரும் சோம்பேறிகள் இல்லை, பேராசைக்காரரும் இல்லை. அந்தக் கடலுக்குக் கணக்கெழுத ஆள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.